நான் நேர்ந்துகொள்ளாத விரதம்

பகலில் எங்கள் வீட்டில் ஓர் ஆம்பளைக் குரல் கேட்கிறது என்று பக்கத்துக் கோலியில், அடுத்த ஒற்றை அறை வீட்டில், இருப்பவள் என் வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னாள். எங்கள் வாசலில் வைத்துச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து தாராவியில் இருக்கும் அவருடைய பெல்ட் பட்டறை வரைக்கும் வெயிலில் நடந்து போய், வேலையாட்களுக்கு நடுவிலிருந்து அவரை வெளியே கூப்பிட்டு, சாவு வீட்டில் துஷ்டி கேட்க வந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

"அண்ணாச்சி, நீங்க காலைல கெளம்புனதுக்குப் பொறவு வீட்டுக்குள்ள ஒரு ஆம்பள பேசுத சத்தம் கேக்கு. சீக்குல கெடந்து எந்திரிச்ச பொம்பள, தப்பாச் சொல்லக் கூடாது. ஆனா தெனமும் கேக்கு."

அந்த ஆம்பளை நான்தான். ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்த பிறகு எனக்கு வந்திருந்த புதுக் குரலில் பேசிப் பழகிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண், தினமும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லியிருந்தாள். நான் காலண்டர் தாளில் போட்டிருக்கும் ராசிபலனை வாசித்தேன், எண்ணெய் பாக்கெட்டில் எழுதியிருப்பதை வாசித்தேன். எங்கள் பக்கம் சுவர் என்பது பேருக்குத்தான். அடுத்த வீட்டில் தாளிப்பது கடுகா சீரகமா என்று சொல்லிவிடலாம். அவளுக்குக் கேட்டதில் தப்பில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் யார் பேசுவது என்று தெரிந்திருக்கும். நோய் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் அவள் வரவில்லை. ஆனால் சுவரில் காதை வைக்கப் பயப்படவில்லை.

என் வீட்டுக்காரர் அன்று சாயங்காலம் வந்து இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கும் முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பிறகு அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "இருந்தாலும் கொஞ்சம் மெதுவாப் பேசேன்" என்றார். அடுத்த வாரம் "வேணும்னா மட்டும் பேசேன்" என்று ஆயிற்று. அதற்கடுத்து அவர் ஒன்றும் சொல்லவே இல்லை. நான் வாயைத் திறந்தால் எழுந்து போய் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

என் பழைய குரலைப் பற்றிச் சொன்னால் பெருமை அடித்துக்கொள்வதாக இருக்கும். அடித்துக்கொள்கிறேன், இனிமேல் யார் சரிபார்க்கப் போகிறார்கள்? பைப்படியில் என் சத்தம் கேட்டால் வரிசை தானாக நேராகும். ரேஷன் கடைக்காரன் என்னைக் கண்டால் தராசைத் துடைப்பான். எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் குலவை போட என்னைத் தேடுவார்கள். நான் ஆரம்பித்தால்தான் மற்றப் பெண்களுக்கு நாக்கு புரளும். அம்பர்நாத், சீத்தா கேம்ப் என்று எங்கே கல்யாணம் என்றாலும் போய் குலவை போட்டுவிட்டு வருவேன். வாயாடி என்று எனக்குப் பட்டமும் உண்டு. அந்தப் பட்டத்தை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இருந்ததில்லை.

நோய் வந்தபோது எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, பீடி குடிப்பாளா என்பதுதான். டாக்டர் கேட்டார், அது அவர் வேலை. பல்லில் மிஷ்ரி என்கிற புகையிலைப் பொடி தேய்ப்பாயா, புகையிலை போடுவாயா என்று நர்ஸ் கேட்டாள். சொந்தக்காரர்கள் கேட்காமலே முடிவு செய்துகொண்டார்கள். வாழ்நாளில் வெற்றிலைக்கு மேல் நான் எதையும் மென்றதில்லை. சைக்கிளில் இட்லி விற்கப் போகிறவர்களுக்காக விடியுமுன் அடுப்பு மூட்டி அண்டா அண்டாவாக இட்லி அவித்தேன். புகை என்றால் அந்தப் புகைதான். அதையும் சொல்ல முடியாது, அதே புகையில் அவித்தவர்கள் இன்னும் கணீரென்று பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். தொண்டையில் இரண்டு வழி. முன்பக்கம் மூச்சுக்குப் போகும் குழாய், பின்பக்கம் சாப்பாடு போகும் குழாய். இரண்டும் பிரிகிற இடத்தில் குரல்வளை இருக்கிறது. சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடாமல் மூடித் திறப்பதுதான் அதன் முதல் வேலை. பேசுவது, பாடுவது, சண்டை போடுவது எல்லாம் அது ஒழிந்த நேரத்தில் செய்கிற வேலை. அந்தக் கதவையே எடுத்துவிட்டால் வழியை மாற்றியாக வேண்டும். அதனால் மூச்சுக்குழாயின் மேல்முனையை முன்னால் இழுத்து, கழுத்துக் குழியில் தோலோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். என் மூச்சு இப்போது அந்த ஓட்டை வழியாகத்தான் போய் வருகிறது. மூக்கு முகத்துக்கு அழகாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் என்னவெல்லாம் போகும் என்று டாக்டர் சொன்னதில் பாதியை நான் நம்பவில்லை. வாசனை போயிற்று. தாராவி நாலாச் சாக்கடையைத் தாண்டிப் போகும்போது மூக்கைப் பொத்தாமல் நடக்கிற ஒரே ஆள் நீதான் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். சூடான டீயை ஊத முடியாது, ஊதினால் காற்று கழுத்தில் வரும். பாரம் தூக்க முடியாது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க வேண்டுமென்றால் முதலில் மூச்சைப் பிடிக்க வேண்டும். பிடித்து நிறுத்தக் கதவு இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை. தும்மல் கழுத்திலிருந்து வருகிறது. தலைக்குக் குளிக்கும்போது கழுத்தில் தண்ணீர் இறங்கினால் அது நேரே நெஞ்சுக்குள் போகும்.

பேச்சுக்கு வேறு ஒரு ஏற்பாடு செய்தார்கள். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஒரு சின்னத் துளை போட்டு, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வால்வு வைத்தார்கள். மூச்சை இழுத்து, கழுத்து ஓட்டையைக் கட்டைவிரலால் இறுக்கி மூடினால், காற்று அந்த வால்வு வழியாக உணவுக்குழாய்க்குள் ஏறும். அங்கே உள்ள சதை அதிரும். அந்த அதிர்வை நாக்கும் உதடும் வார்த்தையாக ஆக்கும். ஏப்பம் எங்கே பிறக்கிறதோ அங்கேதான் என் குரலும் பிறக்கிறது. தடித்த, ஈரமான, கரகரத்த குரல். ஆம்பளைக்கு வைத்தாலும் பொம்பளைக்கு வைத்தாலும் ஏறக்குறைய இதே குரல்தான் வரும் என்று பயிற்சி கொடுத்த பெண் சொன்னாள். போனில் கேஸ் சிலிண்டருக்குச் சொன்னால், கடைக்காரன் "ஹாங் பையா, போலோ" என்கிறான். நானும் அவனுக்கு அண்ணனாக, பையாவாகவே சிலிண்டர் வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் குரலைக் கேட்டு முகம் சுளிக்காத ஒரே ஆள் என் மகள்தான். அப்போது அவள் வாஷியில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வேலைக்குக் கிளம்புமுன் மொபைல் டார்ச்சை என் கழுத்துக்குள் அடித்து, சின்ன பிரஷ்ஷால் வால்வைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் போவாள். ஒரு நாளும் அருவருத்ததில்லை. "அம்மா, ஏதாவது பேசிக் காட்டு, செட் ஆயிருக்கான்னு பாப்போம்" என்பாள். நான் அவளைத் திட்டிக் காட்டுவேன். "ஹாங், பர்ஃபெக்ட்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

அவளுக்குச் செம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் பூர்வீகமும் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். பையன் நல்ல வேலை, அம்மா சாமி பக்தி உள்ளவள், சொந்த ஃப்ளாட். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் சீத்தா கேம்பிலிருந்து என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, முந்தின நாளே வந்துவிட்டாள். வந்து உட்கார்ந்ததும் என் கழுத்தைத்தான் பார்த்தாள். தூசி போகாமல் இருக்க ஓட்டையின் மேல் நான் கட்டியிருக்கும் துணியைப் பார்த்தாள்.

"கேன்சருன்னு தெரிஞ்சா எந்திரிச்சுப் போயிருவாவ. அம்மைக்கு வந்தது மகளுக்கும் வரும்னு சொல்லுவாவ. நீ வாயத் தொறந்தா அதோட முடிஞ்சது" என்றாள்.

"வாய் பேசாதவள்னு சொல்லவா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஊமைன்னா கொறைதானல. மௌன விரதம்னு சொல்லிருவோம். மக கல்யாணத்துக்காக அம்மனுக்கு நேந்திருக்கான்னு சொன்னா, மரியாதையுமாச்சு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கட்டைவிரலைக் கழுத்துக்குக் கொண்டுபோய், "மதினி, நான் நேரலியே" என்றேன். "இப்ப நேந்துக்கோ" என்றாள். பிறகு என் துணி எல்லாவற்றையும் எடுத்து மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கொடியில் காயப் போட்டாள். வெள்ளைத் துணி என்றால் கட்டு, மஞ்சள் துணி என்றால் விரதம். மூளை என்றால் அவளுக்குத்தான் மூளை. மறுநாள் அந்த மஞ்சள் பொடி மூச்சில் ஏறி, நான் குளிக்கிற மோரிக்குள் போய் உட்கார்ந்து குடல் வெளியே வரும் அளவுக்கு இருமினேன்.

மாப்பிள்ளையின் அம்மா நல்லவள். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. நாத்தனார் கதையைச் சொல்லி முடிக்குமுன் அவள் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எங்கள் வீட்டில் என் கையை யாரும் தொட்டு எவ்வளவோ நாளாயிற்று. "எது வரைக்கும் விரதம்?" என்று கேட்டாள்.

"தாலி ஏறுத வரைக்கும்" என்று நாத்தனார் யோசிக்காமல் சொன்னாள்.

"அப்ப விரதம் முடிச்சுப் பேசுற மொத வார்த்தை எம்மகனுக்கு ஆசீர்வாதமா இருக்கணும். அந்த வார்த்தை அப்படியே பலிக்கும். வேற யார்கிட்டயும் பேசிறாதீங்க, சம்பந்தியம்மா."

விரதம் என்று ஒன்று சொன்னால் அதற்கு ஒரு முடிவும் சொல்ல வேண்டும். அந்த முடிவு வந்ததும் என்ன செய்வது என்று என் நாத்தனாருக்கும் தோன்றவில்லை, என் வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு மகளிடம் கேட்டேன். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"டென்ஷன் எடுக்காதம்மா. அப்பாவும் அத்தையும் பயந்து சாவுதாவ. தாலி ஏறட்டும், நீ பேசு. இதுதான் எங்கம்மா கொரல்னு நானே சொல்லுதேன். அதுக்கப்புறம் யாரு என்ன பண்ணிருவா?"

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் எல்லாவற்றுக்கும் உடன்பட்டேன். தாலி ஏறியதும் பேசலாம். என்ன பேச வேண்டும் என்று முடிவு செய்து, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும் நேரமாகப் பார்த்துப் பேசிப் பழகினேன். 'மாப்பிள்ளை, எம்மகள நல்லா வச்சுக்கோங்க. ரெண்டு பேரும் தீர்க்காயுசா இருங்க.' முதல் வாக்கியம் சுலபமாக வந்தது. தீர்க்காயுசில் காற்று தீர்ந்துவிடும். நடுவில் விரலை எடுத்து மூச்சு வாங்கி மறுபடி மூடக் கற்றுக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு அழைக்கப் போனோம். எங்கள் ஆட்களிடம் அச்சடித்த பத்திரிகைக்கு மதிப்பில்லை. பெண்ணைப் பெற்றவள் நேரில் வந்து குங்குமம் கொடுத்து, வாய் திறந்து 'வந்துருங்க' என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வரமாட்டார்கள். வராததோடு நிற்காமல் பேரன் பேத்தி காலம் வரைக்கும் சொல்லிக் காட்டுவார்கள். சொந்தக்காரர்களுக்கு ஆபரேஷன் விஷயம் தெரியும். ஆனாலும் யாராவது சம்பந்தி வீட்டில் போய் உளறிவிடுவார்கள் என்று, அவர்களிடமும் நான் பேசக் கூடாது என்றாகிவிட்டது. நான் குங்குமச் சிமிழை நீட்டினேன், நாத்தனார் எனக்குப் பதில் வாயை நீட்டினாள்.

அம்பர்நாத்தில் மட்டும் இது நடக்கவில்லை. அங்கே என் வீட்டுக்காரரின் மாமா இருக்கிறார். ஃபேக்டரியில் மெஷின் சத்தத்திலேயே காலம் தள்ளிக் காது போனவர். நாத்தனார் அவர் முன்னால் நின்று கத்தினாள். அவர் காதில் கையை வைத்துக்கொண்டு, "என்ன கீச்சு கீச்சுங்கா இவ? பொண்ணப் பெத்தவ எங்க? அவ கூப்புட்டா வாரேன், இல்லன்னா இல்ல" என்றார். நான் நாத்தனாரைப் பார்க்காமல் விரலைக் கழுத்தில் வைத்தேன். "மாமா, பேத்தி கல்யாணம். கட்டாயம் வந்துருங்க" என்றேன். கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. "இவ பேசுனா நல்லாக் கேக்கே! மத்தவிய எல்லாம் ஏன் வாயிக்குள்ளேயே பேசுதிய?" கீச்சுக் குரலை அவர் காது பிடிக்காது, கனத்த குரலைப் பிடிக்கும் போலிருக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு என் குரலை யாரும் நல்லது என்று சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். திரும்பி வரும்போது ரயிலில் நாத்தனார் என்னோடு பேசவில்லை. நான் சந்தோஷமாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தேன்.

கல்யாணம் செம்பூரில் ஒரு ஹாலில் நடந்தது. அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் வால்வை மாற்றிக்கொண்டு வந்திருந்தேன், பழையது ஒழுக ஆரம்பித்திருந்தது. பேச்சு சுத்தமாக வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து என் காலைத் தொட்டார்கள். ஒருத்தி தன் மகளுக்கு வரன் அமையவில்லை என்று என்னிடம் வேண்டிக்கொண்டாள். நான் மஞ்சள் துணியோடு கோயில் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளுக்குள் வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கெட்டிமேளம் கொட்டியதும் நாத்தனார்தான் குலவையை ஆரம்பித்தாள். இரண்டு சுற்றிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. என் நாக்கு தானாகப் புரண்டது, காற்று மட்டும் அந்தப் பக்கம் வரவில்லை. மகள் கழுத்தில் தாலி ஏறியது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. தாலி ஏறியதற்கா, பேசப் போகிறேன் என்பதற்கா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

மாப்பிள்ளையின் அம்மா மறக்கவில்லை. கிண்ணத்தில் சர்க்கரையோடு வந்தாள். "விரதம் முடிஞ்சுது. எல்லாரும் இங்க வாங்க, சம்பந்தியம்மா பேசப் போறாங்க" என்று கூப்பிட்டு, ஒரு சிட்டிகை சர்க்கரையை என் வாயில் போட்டாள். வீடியோக்காரன் விளக்கைத் திருப்பினான். பெண்கள் சுற்றி நின்றார்கள். பின்னால் மாப்பிள்ளையின் ஆபீஸ் சிநேகிதர்கள் மொபைலைத் தூக்கிப் பிடித்தார்கள். மாப்பிள்ளை என் முன்னால் குனிந்தான். நாத்தனாரின் முகம் வெளிறியது. என் வீட்டுக்காரர் பந்தியைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார். நான் என் மகளைப் பார்த்துவிட்டு, துணிக்கு அடியில் விரலைக் கொண்டுபோனேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். மருதாணிக் கையால், மணிக்கட்டோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து, கீழே இழுத்தாள்.

"அத்தை, அம்மா இன்னும் முடிக்கலை. இன்னொண்ணும் நேர்ந்திருக்காங்க. எனக்குக் குழந்தை பொறக்குற வரைக்கும்" என்றாள்.

கொஞ்சம் தடுமாறிச் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். மளமளவென்று சொன்னாள். எங்கள் வீட்டுப் பேச்சை விட்டுவிட்டு, செம்பூர்க்காரர்கள் பேசுவது போலவே சொன்னாள். "ஆமா, ஆமா, சொல்ல மறந்துட்டேன்" என்று நாத்தனார் ஒத்து ஊதினாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் திரும்பவும் என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கையை நான் உருவியிருக்கலாம். இட்லி அண்டா தூக்கிய கை, அவளுக்கு மேல் எனக்குப் பலம் உண்டு. உருவப் பார்த்தபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் இருந்தது. அந்த ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்த பெண், அங்கிருந்து என்ன வரும் என்று பயந்து நின்றாள். ஊர் ஒதுக்கியதும், புருஷன் டிவி சத்தத்தைக் கூட்டியதும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வாயிலிருந்த சர்க்கரையை விழுங்கினேன்.

சாப்பாடு முடிந்து அவளை அனுப்பும்போது, ஹால் வாசலில் கார் நின்றது. அவள் வந்து என் தோளில் முகத்தை வைத்து, "இன்னும் கொஞ்ச நாளும்மா" என்றாள். அவள் சத்தமாக அழுதாள், நாத்தனார் சத்தமாக அழுதாள், என் வீட்டுக்காரர்கூட மூக்கை உறிஞ்சினார். நானும் அழுதேன். குரல்வளை இல்லாதவர்கள் அழுதால் தோள் குலுங்கும், கண்ணீர் வரும், கழுத்து ஓட்டையில் காற்று இரையும். வேறு எதுவும் வராது. மஞ்சள் துணி நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டது.

மாப்பிள்ளையின் அம்மா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்து, என்னைக் காட்டிச் சொன்னாள்: "பாத்தீங்களா? பெத்த மகள அனுப்புறப்பக்கூட ஒரு சத்தம் வெளியே விடல. விரதம்னா இப்படி இருக்கணும்."

என் மகள் அதைக் கேட்டுவிட்டுத்தான் காரில் ஏறினாள்.